மினி ஹிட்டாச்சிக்கு எந்தக் கை?

தமிழ்நாட்டில் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு மூன்றே மூன்று பெயர்தான். ரப்பர் டயரோடு, முன்னால் முறம், பின்னால் தும்பிக்கை என்று வந்தால் ஜேசிபி. செயின் போட்டு ஊர்ந்து வந்தால் ஹிட்டாச்சி. அதே வண்டி பேப்பரில் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' செய்திக்குள் நுழைந்துவிட்டால் பொக்லைன்! தயாரித்தவர் யார் என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லாத சமாச்சாரம். கொரியாக்காரர் செய்து, சீனாக்காரர் பெயின்ட் அடித்து அனுப்பினாலும் நம்ம ஊரில் "ஹிட்டாச்சி வந்திருச்சு, ஓரம் போங்க"தான்.

ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆசாமியின் இனிஷியல். 1945-இல் இங்கிலாந்தில் ஒரு சின்ன கராஜை வாடகைக்குப் பிடித்து வெல்டிங் மெஷினோடு உட்கார்ந்தவர். பொக்லைன் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் கூட்டோடு எல் அண்ட் டி இங்கே தயாரித்த வண்டிகள் அணையும் கால்வாயுமாகத் தோண்டிப் பெயர் வாங்கியதால், பொதுப்பணித்துறைக் காகிதங்களில் அந்தப் பெயர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி, மினி ஹிட்டாச்சி. இரண்டு டன்னிலிருந்து ஐந்து, ஆறு டன் வரை எடை. பெரிய வண்டி நுழைய முடியாத சந்து, காம்பவுண்டுச் சுவர் ஓரம், தென்னந்தோப்பு எல்லாவற்றிலும் நுழையும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருதரம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கேபிள் பள்ளம், மழைநீர்க் கால்வாய், ஃபாக்டரி ஓரப் புதர் என்று ஏதாவது ஒரு இடத்தில் இந்தக் கடைக்குட்டி மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் ஒரகடத்திலேயே கோமாட்சு ஃபாக்டரி இருக்கிறது. அங்கே தயாராவது சுரங்கத்துக்குப் போகிற ராட்சச டம்ப் டிரக். நம்ம பஞ்சாயத்து ரோட்டில் அது வந்தால் ரோடு இருக்காது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரகடத்தில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறான். காண்ட்ராக்ட் என்றால் யூனிஃபார்ம் உண்டு, கம்பெனி பஸ் உண்டு, கேன்டீனில் வாரம் ஒரு நாள் சிக்கன் உண்டு. நிரந்தரம் என்ற வார்த்தை மட்டும் கிடையாது. மூன்று கம்பெனி, மூன்று கலர் சட்டை மாற்றியாயிற்று. இப்போது சொந்தமாக மினி ஹிட்டாச்சி வாங்கப் போகிறான். செகண்ட் ஹேண்ட், மூன்றரை டன். அம்மாவின் நகை கொஞ்சம், பைனான்ஸ் மிச்சம்.

"அண்ணே, நீங்க பி.காம்.தானே? இந்தக் கொட்டேஷனைப் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினான்.

வண்டி ஒரு ஐட்டம். அதற்குக் கீழே மரம் வெட்டும் கத்தரி ஒன்று. அதற்குக் கீழே, வலது இடது பக்கம் சாய்ந்து சுழலும் 'டில்ட் ரொட்டேட்டர்' ஒன்று. கீழே இருந்த இரண்டும் சேர்ந்து மேலே இருந்த வண்டியின் விலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தன! கல்யாணச் செலவைவிட மாப்பிள்ளையின் கோட்டு சூட்டுச் செலவு அதிகம் என்பது போல.

"இதெல்லாம் எதுக்குப்பா?"

பையன் செல்போனை எடுத்து வீடியோ போட்டான். சுவீடனிலோ பின்லாந்திலோ ஒரு காடு. மினி வண்டி ஒன்று மரத்தை இடுப்பில் பிடிக்கிறது, நறுக் என்று வெட்டுகிறது, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் படுக்க வைக்கிறது. பின்னணியில் நல்ல மியூசிக். பார்த்தால் எனக்கே இரண்டு வாங்கிப் போடலாம் என்று தோன்றியது. இருந்தாலும் பி.காம். படித்தவனுக்கு மியூசிக் காதில் விழுந்தாலும் கண் கூட்டலில்தான் நிற்கும்.

கூட்டிப் பார்த்தோம். கத்தரியின் விளம்பரத்தில் '25 சென்டிமீட்டர் விட்டம் வரை வெட்டும்' என்று போட்டிருக்கிறது. வெட்டும், சந்தேகமில்லை. வெட்டியதைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? பச்சை மரம் ஏறக்குறைய தண்ணீரின் எடை. கன மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் விட்டம், 8 மீட்டர் உயரம் என்றால் தண்டு மட்டும் சுமார் 390 கிலோ. கத்தரியின் எடை ஒரு பேச்சுக்கு 200 கிலோ, நடுவில் மாட்டும் டில்ட் 80 கிலோ. ஆக மொத்தம் 670. கிளை, இலை, அதில் கூடு கட்டின காக்கா எல்லாம் தனிக் கணக்கு.

மூன்றரை டன் வண்டி கையை முழுசாக நீட்டி, பக்கவாட்டில் திரும்பி, இந்த எடையைத் தாங்குமா? பல மாடல்கள் தாங்காது. எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் 'லோடு சார்ட்' என்ற பக்கத்தில் இருக்கும். கையை எவ்வளவு நீட்டினால், எந்த உயரத்தில், நேராக எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நேராக இருப்பதைவிடப் பக்கவாட்டில் பொதுவாகக் குறைவு, ஏனென்றால் வண்டியின் அகலம் அதன் நீளத்தைவிடக் குறைவு. அந்தக் கட்டத்திலிருந்து கத்தரியையும் டில்டையும் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் மரத்துக்கு. கணக்கு பிசகினால் மரத்தோடு சேர்ந்து வண்டியும் படுக்கும். (வீடியோவில் அந்தப் பகுதி இருக்காது.) இன்னொன்று: அந்த 25 சென்டிமீட்டர், பைன் மாதிரி மெத்தென்ற குளிர்தேசத்து மரங்களை மனசில் வைத்துப் போட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். நம்ம ஊர்க் கருவேலம் அப்படியெல்லாம் இளகின மனசு படைத்ததில்லை.

ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் ஒரு ஆபரேட்டரைப் பிடித்தோம். இருபது வருஷமாக லீவர் பிடித்த கை. டீ கிளாஸைக்கூட லீவர் மாதிரியே பிடிக்கிறார்! பையன் வீடியோவைக் காட்டினான். அவர் முழுசாகப் பார்க்கவில்லை.

"லைன் எத்தனை தம்பி?"

"பிரேக்கர் லைன் இருக்குண்ணே."

"அது ஒரு பக்க லைன். பாறையைக் குத்துறதுக்கு ஆயில் போனாப் போதும், திரும்பறது நேரா டேங்குக்குப் போயிடும். கத்தரி மூடணும், திறக்கணும். ரெண்டு பக்கமும் ஆயில் போய் வரணும். ஒரு பக்க லைன்ல மாட்டினா மூடிக்கும். அப்புறம் திறக்கச் சொல்லி நீதான் கெஞ்சணும்."

இதுதான் கொட்டேஷனில் இல்லாத ஐட்டம். டில்ட் ரொட்டேட்டர் என்றால் சாய்வதற்கு ஒரு சர்க்யூட், சுழல்வதற்கு ஒன்று, அதன் கீழே கத்தரி மாட்டினால் அதற்கும் ஒன்று. லைன் கூடுதலாகப் போடலாம். அல்லது ஒரே லைனில் டைவர்ட்டர் வால்வு வைத்து, பட்டனை அழுத்தினால் சாய்வு, விட்டால் வெட்டு என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. ஒரே சமயத்தில் இரண்டும் நடக்காது, ஆனால் குடித்தனம் நடக்கும்.

ஆபரேட்டர் மேலும் கேட்டார்: "நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தள்ளும்? எத்தனை பிரஷர்? பின் எத்தனை எம்.எம்.? ரெண்டு காதுக்கும் நடுவுல அகலம் எவ்வளவு?" பையன் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தான். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. வெட்டுகிற பலம் பிரஷரைப் பொறுத்தது, வேகம் லிட்டரைப் பொறுத்தது. கத்தரிக்கு லிட்டர் கொஞ்சம் குறைந்தாலும் மெதுவாக வெட்டும், அவ்வளவுதான். ஆனால் புதரைத் தூளாக்கும் 'மல்ச்சர்' என்று ஒன்று விற்கிறார்களே, அது வேறு கதை. மோட்டார் நிற்காமல் சுற்ற வேண்டும். லிட்டரையும் பிரஷரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். நிமிஷத்துக்கு 60 லிட்டர், 200 பார் என்றால் 20 கிலோவாட். மூன்றரை டன் வண்டியின் எஞ்சினே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! எஞ்சினின் முழு சம்பளத்தையும் மல்ச்சர் வாங்கிக்கொண்டால் வண்டி எதைச் சாப்பிடும்? போதாக்குறைக்கு மோட்டாரில் கசியும் ஆயில் திரும்பிப் போகப் பெரும்பாலும் தனியாக ஒரு சின்ன ஹோஸ் வேண்டும். சித்திரை வெயிலில் ஆயில் கொதித்தால் மத்தியானத்துக்குமேல் வண்டிக்கும் ஆபரேட்டருக்கும் சேர்ந்தே லீவு.

கத்தரிக்குப் பதில் செயின் ரம்பம் வைத்த கையும் கிடைக்கிறது. பெரிய மரத்தையும் சுத்தமாக அறுக்கும். ஆனால் செயின் அறுந்தால் அதன் துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். வெளிநாட்டில் இதற்காகவே முன்னால் கனமான பாலிகார்பனேட் தடுப்பு போடுகிறார்கள். நம்ம பையன் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் நாலு கம்பியும் ஒரு கூரையும்தான்.

சரி, வெட்டப்போவது எந்த மரத்தை? இதை யாரும் கேட்கவேயில்லை.

இந்தப் பக்கத்தில் புதர் என்றால் முக்கால்வாசி சீமைக் கருவேலம். ஏரிக்குள், கால்வாய்க்குள், விற்காமல் கிடக்கும் பிளாட்டுக்குள். 1870-களில் வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி ஒருவர் விதை கேட்டு எழுதி, அன்றைய மதராஸ் மாகாணத்துக் கடப்பாப் பக்கம் ஊன்றிய மரம். விறகுக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்று அழைத்து வந்தார்கள். வந்தவர் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். 2017 ஜனவரியில் மதுரை ஹைகோர்ட் கிளை இதை அகற்ற உத்தரவு போட, கலெக்டர் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை அரிவாளோடு இறங்கினார்கள். அதே வருஷத்தில், நிபுணர்கள் பார்க்கட்டும் என்று ஹைகோர்ட் நிறுத்தி வைத்தது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

இந்த மரத்தின் சாமர்த்தியம் என்னவென்றால், மண்ணுக்குச் சற்றுக் கீழே மொட்டு வைத்திருக்கிறது. தரையோடு வெட்டினால் கோபித்துக்கொண்டு ஒன்றுக்குப் பத்தாகக் கிளம்பும். ஒரு அடி ஆழத்துக்காவது தோண்டி, அடிக்கட்டையோடு எடுத்தால்தான் அடங்கும். அதாவது பையன் ஆசைப்படும் கத்தரி, நறுக்கென்று வெட்டி, நன்றாகக் கவாத்து செய்துவிட்டுப் போகும்! அடுத்த மழைக்கு அதே பஞ்சாயத்துக்காரர் அதே இடத்தைக் காட்டி, "என்னப்பா வேலை பாத்தே?" என்பார். பில் பாஸாகுமா?

வேரோடு எடுக்க வேண்டியதெல்லாம் ஒடுக்கமான பக்கெட், வேரைக் கிழிக்க ஒற்றைப் பல் ரிப்பர், பிடித்து இழுக்க பக்கெட்டுக்கு எதிரே ஒரு கட்டைவிரல். கட்டைவிரல் என்றால் நிஜமாகவே அதன் பெயர் 'தம்ப்'. பின் மாற்றி நிறுத்தும் சாதாரண ரகத்துக்கு ஹோஸ் வேண்டாம், லைன் வேண்டாம். நல்ல வெல்டர் கையில் நல்ல இரும்பு கிடைத்தால் இங்கேயே முடிந்துவிடும். யோசித்தால், மனுஷனையே குரங்கிலிருந்து பிரித்து வைத்தது கட்டைவிரல்தான் என்கிறார்கள்.

அப்போது கத்தரிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஏரிக்கரையில். கரை மேல் நிற்கும் மரத்தை வேரோடு பிடுங்கினால் கரைக்குள் பொந்து விழும். பொந்தை நல்ல மண் போட்டு, அடுக்கடுக்காக இடித்து மூடாவிட்டால் தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்கும். தண்ணீருக்கு வழி சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை எல்லோரும் பேசுகிறோம். அடையாற்றின் மேல்பக்கம் மணிமங்கலம், ஒரகடம், சோமங்கலம் என்று சின்னச் சின்ன ஏரிகள் சங்கிலி மாதிரி இருப்பதையும், அங்கே நிரம்பி வழிவது முடிச்சூர், வரதராஜபுரம் வாசலுக்கு வருவதையும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே கரையில் எதைப் பிடுங்குவது, எதைத் தரையோடு வெட்டி விடுவது என்று இன்ஜினீயர் சொல்லட்டும். தரையோடு வெட்டச் சொன்னால் அன்றைக்குக் கத்தரியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வருஷத்தில் இருபது நாள் வேலைக்கு மாசா மாசம் தவணை கட்டுவது எங்கள் பி.காம். பாடத்தில் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

தவணை கட்டலாம் என்று நான் சொன்னது டில்ட்டுக்கு. பையனுக்கே ஆச்சரியம். மரம் வெட்டுவதுதான் அவனுக்கு ஹீரோ. டில்ட் கூடவே வரும் காமெடியன் என்று நினைத்திருந்தான்.

டில்ட் ரொட்டேட்டர் சுவீடன் சரக்கு, 1980-களில் அங்கே தயாரானது. இன்றைக்கு அந்த ஊரில் அது இல்லாத வண்டியைத் தேட வேண்டும். 45 டிகிரி வரை இருபக்கமும் சாயும், முழு வட்டமும் சுற்றும். அங்கே ஆள் கூலி அதிகம், அதனால் ஒரே ஆபரேட்டர் எல்லா வேலையும் செய்தாக வேண்டும். இங்கே மண்வெட்டியோடு இரண்டு பேர் கூட நிற்பார்கள். சுழலும் சமாச்சாரத்துக்கு அத்தனை விலை கொடுப்பது இந்த வண்டிக்கு அதிகப்படி. அதைக் கொட்டேஷனிலிருந்து அடித்தேன்.

ஆனால் சும்மா சாய மட்டும் செய்யும் 'டில்ட் பக்கெட்' இருக்கிறதே, அது இந்தப் பக்கத்துக்கே செய்த மாதிரி. ஏரிக்கரையும் கால்வாயும் சரிவுதானே? இரண்டு அடி விலகினால் ஒரு அடி ஏறும் சரிவு என்றால் சுமார் 27 டிகிரி. சாதாரண பக்கெட்டில் அந்தச் சரிவைச் சீவ வேண்டுமென்றால் வண்டியையே சாய்த்து நிறுத்த வேண்டும். ஒரு பக்கச் செயினுக்குக் கீழே மண்ணைக் குவித்து அதன் மேல் ஏற்றுவார்கள். ஆபரேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டில்ட் பக்கெட் என்றால் வண்டி சமதரையில் நிற்கும், பக்கெட் மட்டும் தலையைச் சாய்த்து, தோசைக் கரண்டி மாதிரி வழித்துக்கொண்டு போகும்.

வாங்கும்போது ஒரு தேர்வு இருக்கிறது. பக்கெட் மட்டும் சாய்வது ஒரு ரகம். கப்ளரே சாய்ந்து, அதில் எதை மாட்டினாலும் சாய்வது இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கைக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் ஒரு ஜாண், ஒன்றரை ஜாண் நீளம் கூட்டும். நீளம் கூடினால் பல் மண்ணைப் பிளக்கும் பலம் குறையும், தூக்கும் எடையும் குறையும். வேரைப் பிடுங்குகிற வேலை பாதி, சரிவு பாதி என்று இருக்கிறவனுக்குத் தனி டில்ட் பக்கெட், தனி ஒடுக்கப் பக்கெட், இரண்டையும் மாற்ற சாதாரண கப்ளர் போதும். கப்ளரில் பாதுகாப்புப் பின் போட்ட பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். அந்தப் பின்னை டிபன் பாக்ஸில் போட்டு வைக்கும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்களாம்.

அனுமதிச் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது நிலத்தில் மரம் என்றால், அது சீமைக் கருவேலமே ஆனாலும், யாருடைய இடமோ அவர்கள் எழுத்தில் கொடுக்காமல் கை வைக்கக் கூடாது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி பொதுவாக நீர்வளத் துறையின் கையில், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்தின் கையில். மற்ற மரங்களுக்குக் கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு என்று இருக்கிறது. பனையா? நினைக்கவே வேண்டாம். வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாயிற்று. "பிளாட் ஓனர் வெட்டச் சொன்னார் சார்" என்றால் ஓனர் அன்றைக்கு ஊரில் இருக்கமாட்டார். வண்டி மட்டும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். அப்புறம் மரத்துக்கு மேலே கரண்டுக் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்கிற வழக்கமும் வேண்டும்.

புதுக் கொட்டேஷன் இப்படி ஆனது: வண்டி, லோடு சார்ட் உள்ள புத்தகத்தோடு. இரு பக்க லைன். டில்ட் பக்கெட். ஒடுக்கப் பக்கெட், ரிப்பர், கட்டைவிரல். கத்தரி, ரொட்டேட்டர் இரண்டும் போனதில் கூட்டுத்தொகை நன்றாக இறங்கி, நகையில் பாதி பீரோவுக்கே திரும்பியது. பையன் முகத்தில் மட்டும் சினிமா டிக்கெட் கிடைக்காத வருத்தம்.

அவன் அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினான். அவர்கள் மியூசிக்கும் கேட்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருந்த சுவீடன்காரனையே பார்த்தார்கள்.

"அவனுக்கு முன்னாடி கண்ணாடியும் கம்பியும் இருக்கே. உன் வண்டியில அந்த இடத்துல என்னடா இருக்கு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கொட்டேஷனை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே 'முன்பக்கத் தடுப்பு, கவிழ்ந்தாலும் நசுங்காத கேபின்' என்று எழுதினேன். விலை விசாரித்திருக்கிறான். டீலர் திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.